.315 ரைஃபிளுக்குக் கனமான பேரல் மாட்டினால் குறி கூடுமா?

வேலந்தாவளம்_வாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னையும் நெல்லும் வைத்திருக்கிறோம். வீட்டில் அப்பா காலத்து .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள் ஒன்று இருக்கிறது, இஷாப்பூர் அரசு ஆலைத் தயாரிப்பு. உரிமம் முறைப்படி என் பெயருக்கு மாறிவிட்டது. கிளப்புக்கு ரேஞ்ச் கிடைக்கிற நாட்களில் எடுத்துப் போய்ச் சுடுவேன்.

பிரச்சனை இதுதான். பேரல் குளிர்ந்திருக்கும்போது முதல் இரண்டு குண்டும் பக்கத்துப் பக்கத்தில் விழும். மூன்றாவதிலிருந்து மேலே வலப்பக்கமாக ஏற ஆரம்பிக்கும். சூடானபின் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. 100 மீட்டரில் தாளைப் பார்த்தால் ஒரு சாண் அகலத்துக்குச் சிதறிக் கிடக்கும்.

வெளிநாட்டுக்காரர்கள் பழைய என்ஃபீல்டு ரிசீவரில் (பேரலும் போல்டும் உட்காரும் உடல்பகுதி) தடி பேரலை, அதாவது தடித்த குழலை மாட்டி, பத்து குண்டையும் ஒரே இடத்தில் போடுகிற வீடியோக்களைப் பார்த்தேன். நம் .315-உம் அந்த ஜாதிதானே? கனமான பேரல் மாட்டினால் எனக்கும் அப்படி வருமா? எவ்வளவு செலவாகும், யாரிடம் போவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கஞ்சிக்கோடு_டர்னர்

வணக்கமுங்க. துப்பாக்கி எனக்குத் தெரியாது, லேத் தெரியும். படத்தில் பார்த்தவரைக்கும் இது ஷாஃப்ட் முனையில் மரை போட்டு, ஷோல்டர் உட்கார வைக்கிற வேலைதான். பிட்ச் எவ்வளவு என்று அளந்து சொன்னால் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். இதற்கா இவ்வளவு யோசனை?

நெறியாளர்

டர்னர் அண்ணா, நல்ல மனசு, ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கி செய்வது, மாற்றுவது, பழுதுபார்ப்பது எல்லாவற்றுக்கும் தனி உரிமம் வேண்டும். ரைஃபிள் வைத்திருப்பவரின் உரிமம் வேறு, அதைக் கழற்றி வேலை செய்பவரின் உரிமம் வேறு. துப்பாக்கி என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கத்தில் அதன் பாகங்களும் அடக்கம், அதனால் தனியாகக் கிடக்கிற பேரலும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். பேரலைக் குட்டையாக்குவதற்கென்று 6-ஆம் பிரிவு தனியாகவே இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் இல்லாமல் தயாரிப்பதற்கும் மாற்றுவதற்கும் தண்டனை 7 ஆண்டில் தொடங்கி ஆயுள்வரை போகும்.

ரைஃபிள் பேரல் எப்படி வேலை செய்கிறது, எது குறியைக் கெடுக்கிறது என்று தாராளமாகப் பேசுங்கள். அளவு, ரீமர், மரைக் கணக்கு என்று வீட்டில் செய்துபார்க்கும் குறிப்பாக யாராவது எழுதினால் பதிவை எடுத்துவிடுவேன்.

கூடலூர்_தேயிலை

வேலந்தாவளத்தாரே, முதலில் ஒன்று சொல்லுங்கள். காகிதத்தைச் சுடவா, பன்றியைச் சுடவா?

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்ததிலிருந்து உங்கள் பக்கம் லைசென்ஸ் துப்பாக்கிக்காரர்களுக்குத் தனி மவுசு என்று கேள்வி. அதற்குத்தான் என்றால் கனமான பேரலை மறந்துவிடுங்கள். ராத்திரி வரப்பில் நின்று 40 மீட்டரில் போடுகிற வெடிக்கு மயிரிழைக் குறி எதற்கு? எங்கள் சரிவுகளில் ஏறி இறங்கினால் தெரியும், கூடுதலாக ஒரு கிலோவைத் தோளில் போட்டவன் மறுநாள் அதை வீட்டில் வைத்துவிட்டு வருவான்.

வேலந்தாவளம்_வாசி

காகிதம்தான் அண்ணா. பன்றிக்குப் பஞ்சாயத்துப் பட்டியலில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் 12 போர். எனக்கு இந்த ரைஃபிள் ஒழுங்காகச் சுட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

செங்கோட்டை_ஆர்மரர்

தம்பி, ராணுவத்தில் ஆர்மரராக (ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவர்) இருந்து ஓய்வு பெற்றவன் நான். இஷாப்பூர் 2ஏ1-ஐயும் .303-ஐயும் கழற்றிப் பூட்டியே கை காய்த்தது. உங்கள் .315-இன் பாடி அதே குடும்பம். (நீங்கள் ரிசீவர் என்பதை எங்களுக்குப் பாடி என்று சொல்லித்தான் பழக்கம்.) வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத் தோட்டா பொதுமக்கள் கையில் சிக்கக் கூடாது என்று .303-க்குத் தடை இருந்தது. அதனால் அதே லீ என்ஃபீல்டு அமைப்பில், மான்லிக்கரின் 8 மில்லிமீட்டர் தோட்டாவைப் போட்டு இந்தியாவுக்கென்று விற்றதுதான் .315. பிறகு இஷாப்பூரே செய்ய ஆரம்பித்தது.

முதலில் கனமான பேரல் என்ன செய்யும் என்று பார்ப்போம்.

குண்டு உள்ளே ஓடும்போது பேரல் சும்மா இருப்பதில்லை, அதிர்கிறது. வாய்ப்பகுதி மேலும் கீழும் ஆடும். குண்டு வெளியேறுகிற அந்த நொடியில் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் குண்டும் போகும். ஆட்டம் சிறியதாகவும், ஒவ்வொரு வெடிக்கும் ஒரே மாதிரியாகவும் இருந்தால் குண்டுகள் சேர்ந்து விழும். தடிமன் இங்கேதான் உதவுகிறது. உருளையின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் மடியில் ஏறும். 16 மில்லிமீட்டர் தடிமனுள்ள இடத்தில் 22 மில்லிமீட்டர் வைத்தால் விறைப்பு மூன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும். எடை இரண்டு மடங்கும் கொஞ்சமும்தான். எடையைக் கொடுத்து விறைப்பை வாங்குகிற வியாபாரம், அதுவும் லாபமான வியாபாரம்.

இரண்டாவது, சூடு. இரும்பு அதிகமாக இருந்தால் அதே வெடிச் சூட்டில் வெப்பநிலை மெதுவாக ஏறும். ஆனால் இறங்குவதும் மெதுவாகத்தான். தடி பேரல் சூடே ஆகாது என்று சிலர் நினைக்கிறார்கள், அது தப்பு. பத்து குண்டுப் போட்டிக்கு அது தாங்கும், நாள் முழுக்க விடாமல் போட்டால் அதுவும் கொதிக்கும், ஆற உங்கள் பொறுமை போதாது.

இதெல்லாம் பேரலைப் பற்றியது. உங்கள் ரைஃபிளுக்கு வந்த வியாதி பேரல் மெலிந்ததால் வந்ததா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. குளிரில் இரண்டு சேர்ந்து விழுந்து, சூடானதும் ஒரே திசையில் ஏறுகிறது என்கிறீர்கள். அது கட்டையின் வேலை, பேரலைத் தாங்குகிற மரப்பகுதியைச் சொல்கிறேன். இன்று இரவு விரிவாக எழுதுகிறேன், பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும்.

திருத்தணி_50மீ

அண்ணாச்சி எழுதுவதற்குள் நான் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். .22-இல் 50 மீட்டர் சுடுகிறவன் நான். 50 மீட்டர் ரைஃபிள் தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர். அதனால் சிதறலை அளப்பது எங்களுக்கு ஒரு நோய் மாதிரி ஆகிவிட்டது.

"ரெண்டு குண்டு சேர்ந்து விழுகிறது" என்பதற்கு அர்த்தமே கிடையாது. மூன்று குண்டுக் குழுவும் அதிகம் சொல்லாது. ஒரே ரைஃபிள், ஒரே ஆள், ஒரே தோட்டாவில் மூன்று மூன்றாகச் சுட்டால் குழுவின் சராசரி அகலம், பத்து பத்தாகச் சுட்டால் வருவதில் மூன்றில் இரண்டு பங்கை விடக் குறைவாகத்தான் இருக்கும். ரைஃபிள் மாறவில்லை, எண்ணிக்கைதான் மாறியது. வீடியோக்காரர்கள் மூன்று குண்டோடு நிறுத்துவது ஏன் என்று இப்போது புரியும்.

இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு தாளில் பத்து குண்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே பேரல் கைக்குக் குளிர்ச்சியாகும்வரை விட்டு. இன்னொரு தாளில் பத்து குண்டு, நிதானமாக ஆனால் நிறுத்தாமல். இரண்டிலும் எந்தத் துளை எந்த வெடி என்று எண் போடுங்கள், தொலைநோக்கியில் ஒருவர் பார்த்துச் சொன்னால் போதும். முதல் தாளும் சிதறினால் தோட்டா, பேரலின் வாய், சுடுபவர் இந்த மூன்றில் ஒன்று. முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது மட்டும் நடந்து போனால் அண்ணாச்சி சொல்கிற கட்டை.

இன்னொன்று. எங்கள் .22 உலகத்தில் பேரலை மாற்றுவதற்கு முன்னால் தோட்டாவின் தயாரிப்புத் தொகுதியை மாற்றிப் பார்ப்பார்கள். ஒரே பெயர், ஒரே டப்பா, தொகுதி எண் மட்டும் வேறு, குழு பாதியாகச் சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

கூடலூர்_தேயிலை

.315-க்குத் தோட்டா கிடைப்பதே பெரிய பாடு. இதில் தொகுதி எண் பார்த்து வாங்கச் சொல்கிறார் திருத்தணியார். நகரிப் பக்கம் மாம்பழம் பொறுக்குகிற மாதிரி நினைத்துவிட்டார்.

செங்கோட்டை_ஆர்மரர்

வந்துவிட்டேன். திருத்தணித் தம்பி சொன்ன இரண்டு தாள் சோதனை அருமை, அதைக் கட்டாயம் செய்யுங்கள்.

இப்போது கட்டை. லீ என்ஃபீல்டில் முன்கட்டை பாடியோடு சேரும் இடத்தில், உள்ளே இரண்டு பக்கமும் சின்னதாக இரண்டு மரமுகங்கள் இருக்கும். எங்களுக்கு அவை "டிராஸ்". வெடிக்கும்போது பாடி பின்னால் தள்ளுவதை முழுக்க வாங்கிக்கொள்வது அந்த இரண்டு முகங்கள்தான், ஒவ்வொன்றும் நகத்தின் அகலம்கூட இருக்காது. அவை அழுந்தித் தேய்ந்துவிட்டால் ஒவ்வொரு வெடிக்கும் பாடி கட்டைக்குள் கொஞ்சம் நகர்ந்து வேறு இடத்தில் உட்காரும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் பக்கவாட்டில் உதைக்கும். ஆஸ்திரேலியாவில் லித்கோ ஆலைக்காரன் மிருதுவான மரத்தை வைத்துக்கொண்டு இதில் அடிபட்டு, கடைசியில் அந்த இடத்தில் செப்புத் தகடு வைத்தான்.

மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். உங்கள் பாலக்காட்டுக் கணவாயும் எங்கள் ஆரியங்காவுக் கணவாயும் இதில் ஒன்றுதான். ஜூனில் தென்மேற்குச் சாரல் உள்ளே வரும், பங்குனியில் அதே வழியாகக் காற்று காய்ச்சி எடுக்கும். அப்படி ஊதிச் சுருங்குகிற கட்டை பேரலை ஓரிடத்தில் தொட்டு அழுத்திக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 12 மைக்ரான் நீளும். 60 சென்டிமீட்டர் பேரல் 60 டிகிரி சூடேறினால் 0.4 மில்லிமீட்டர் நீண்டுவிடும். நீள இடம் இருந்தால் ஒன்றுமில்லை. ஓரிடத்தில் மரம் பிடித்துக்கொண்டால் பேரல் எதிர்ப்பக்கம் வளையும். 600 மில்லிமீட்டர் நீளத்தில் 0.1 மில்லிமீட்டர் சாய்ந்தாலே 100 மீட்டரில் 17 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். மேலே வலப்பக்கம் ஏறுகிறது என்றால் கீழே இடப்பக்கம் மரம் முட்டுகிறதா என்று முதலில் பார்ப்பேன்.

பார்ப்பதற்கு ஆயுதம் எதையும் கழற்ற வேண்டாம். துப்பாக்கி காலி என்று அறையை (தோட்டா உட்காரும் இடம்) திறந்து கண்ணாலும் விரலாலும் சரிபாருங்கள், மேகசினை எடுத்துவிடுங்கள். ஒரு சாதாரணத் தாளை நீள நாடாவாக வெட்டி, பேரலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே வாய்ப்பக்கத்திலிருந்து செருகிப் பின்னால் இழுத்துக்கொண்டே வாருங்கள். எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் கிழிகிறது என்று பென்சிலால் குறித்து வையுங்கள். ஒன்று, இது ராணுவக் கட்டை மாதிரி வேண்டுமென்றே மேலே அழுத்த வைத்த இடமாகவும் இருக்கலாம். அதனால் பார்த்ததும் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கக் கிளம்பாதீர்கள்.

அப்புறம் வாய். பேரலுக்குள் கயிறு விட்டு வாய்வழியாக இழுத்துத்தானே அந்தக் காலத்தில் துடைத்தார்கள்? கயிற்றைச் சாய்த்து இழுத்தால் பல வருஷத்தில் வாயின் ஓரத்தில் ஒரு பள்ளம் விழும். குண்டின் அடிப்பாகம் வெளியேறும்போது வாயு ஒரு பக்கமாக முதலில் பீறிட்டால் குண்டு தடுமாறும். .303 பட்டாளத்தில் இதற்காகவே பேரலை ஒதுக்கிப் போட்டிருக்கிறோம், உள்ளே குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளங்கள் புதிதாக இருந்தும். ஒரு விளக்கை வைத்து வாய் ஓரத்தைப் பாருங்கள். வட்டம் முழுக்க ஒரே மாதிரி கூர்மையா, ஒரு பக்கம் மழுங்கியிருக்கிறதா?

கஞ்சிக்கோடு_டர்னர்

நெறியாளர் சொன்னது புரிந்ததுங்க, நான் தொட மாட்டேன். ஆனால் தொழில்காரன் என்ற முறையில் ஒரு சந்தேகம். கனமான பேரலையே மாட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்தும் என் மாதிரி லேத்தில்தானே வைப்பான்? அவனுக்கு என்ன தெரியும், எனக்கு என்ன தெரியாது?

செங்கோட்டை_ஆர்மரர்

நல்ல கேள்வி. உங்களுக்கு ஷாஃப்டின் வெளிவட்டம்தான் கணக்கு. சக்கில் பிடித்து டயலை வெளியே வைத்து ஓட்டம் பார்ப்பீர்கள். பேரலில் வெளிவட்டத்தை நம்பக் கூடாது. ஆழத் துளையிடும்போது துரப்பணம் கொஞ்சம் விலகித்தான் போகும், ஆகவே உள்துளையும் வெளிப்புறமும் ஒரே மையத்தில் இருப்பதில்லை. துளையே லேசாக வளைந்திருக்கும். நான்கு தாடைச் சக்கில் பிடித்து, டயல் முனையை உள்ளே விட்டு, துளையின் மையத்தை ஓட வைத்துத்தான் மரையும் அறையும் வெட்ட வேண்டும். வெளிவட்டம் தட்டாமாலை சுற்றினாலும் பரவாயில்லை.

அடுத்து, பாடியின் முகம். மரையின் அச்சுக்கு அது நேர்செங்குத்தாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பேரலின் ஷோல்டர் ஒரு பக்கம் மட்டும் முட்டி இறுகும். குளிரில் தெரியாது. சூடேறியதும் அந்த இறுக்கம் இடம் மாறும், கூடவே குண்டும் இடம் மாறும். புதுத் தடி பேரலை மாட்டியும் பழைய வியாதியே திரும்பி வருகிற ரைஃபிள்களில் பாதிக்கு இதுதான் காரணம் என்பேன்.

மூன்றாவது ஹெட்ஸ்பேஸ். உங்கள் ஷாஃப்ட் அரை நூல் முன்னே பின்னே உட்கார்ந்தால் பேரிங் சத்தம் போடும். இங்கே முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும். .315, .303 இரண்டும் விளிம்புத் தோட்டா. பேரலின் பின்முகத்துக்கும் போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் பாகம்) முகத்துக்கும் நடுவே அந்த விளிம்பு உட்காரும் இடைவெளிதான் ஹெட்ஸ்பேஸ். அதிகமாக இருந்தால் தோட்டாவின் பித்தளை அடிப்பாகத்துக்குச் சற்று மேலே இழுபட்டு மெலியும், ஒரு நாள் அங்கேயே பிரியும். அந்த வாயு பின்னால்தான் வரும். இதற்கென்று கேஜ் இருக்கிறது, வேலை முடிந்ததும் அழுத்தச் சோதனை இருக்கிறது. கேஜ் இல்லாமல் "சரியாத்தான் இருக்கு" என்று சொல்கிற கன்ஸ்மித்திடம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

கஞ்சிக்கோடு_டர்னர்

துளையை மையமாக வைத்து ஓட்டுவது, அது புரியுதுங்க. ஹைட்ராலிக் சிலிண்டரில் நாங்களும் செய்கிறோம். ஆனால் முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும் என்றீர்களே, அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆசை போய்விட்டது.

திருத்தணி_50மீ

அண்ணாச்சி, ஒரு எதிர்வாதம். பிரிட்டிஷ் ராணுவமே லீ என்ஃபீல்டில் தடி பேரல் போட்டுத்தானே எல்42ஏ1 ஸ்னைப்பர் ரைஃபிளை 1970-களில் கொண்டுவந்தது? முன்கட்டையைப் பாதியில் வெட்டி, பேரலை எதுவும் தொடாமல் விட்டார்கள். லித்கோ ஆலையும் போட்டிக்காரர்களுக்கென்று கனமான பேரல் செய்தது. அப்படியென்றால் வேலந்தாவளத்தார் கேட்பதில் தப்பில்லையே.

செங்கோட்டை_ஆர்மரர்

தப்பே இல்லை. ஆனால் எல்42 லீ என்ஃபீல்டின் நான்காம் நம்பர் மாடல் பாடியில் செய்தது. அது முதலாம் நம்பரைவிடக் கனமும் விறைப்பும் கூடிய பாடி. உங்கள் .315 முதலாம் நம்பர் வம்சம். இதில் போல்டின் பூட்டு பின்பக்கம் இருக்கிறது. வெடியின் விசை போல்ட் முழுக்க ஓடிப் பின்னால் போய்த்தான் பாடியைப் பிடிக்கும், அதனால் போல்ட் அமுங்கும், பாடி இழுபடும், இரண்டு பக்கச் சுவரும் ஒரே தடிமனில் இல்லாததால் கொஞ்சம் நெளியவும் செய்யும். மவுசர் மாதிரி முன்னால் பூட்டுகிற துப்பாக்கியில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. தவிர லீ என்ஃபீல்டில் போல்டைப் பூட்ட ஒரு பக்கம் குட்டையான லக் (பல்), மறுபக்கம் நீளமான விலா. இரண்டும் ஒரே அழுத்தத்தில் தாங்க வேண்டும். ஒன்று மட்டும் தாங்கினால் பேரல் எவ்வளவு தடியாக இருந்தாலும் ஒவ்வொரு வெடிக்கும் ஒரு பக்கமாக உதைதான்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். இந்த நெளிவே தூரப் போட்டிகளில் லீ என்ஃபீல்டுக்குக் கை கொடுத்திருக்கிறது. வாய் மேலே எழும்பிக்கொண்டிருக்கும்போது குண்டு வெளியேறும். வேகமான குண்டு சீக்கிரம் போய்விடும், வாய் தாழ்வாக இருக்கும்போதே. மெதுவான குண்டு சற்றுப் பிந்தி, வாய் உயர்ந்தபின் போகும். மெதுவான குண்டுக்கு உயரம் கூடுதலாகத்தான் வேண்டும், தற்செயலாகக் கிடைத்துவிடுகிறது. அதனால் 900, 1000 கஜத்தில் குண்டுகள் மறுபடி சேர்ந்து விழும். 200 கஜத்தில் மவுசரிடம் தோற்றவன் 1000 கஜத்தில் ஜெயித்த கதையெல்லாம் உண்டு. பேரலை விறைப்பாக்கினால் இந்தக் கணக்கு மாறிவிடும். 100 மீட்டரில் சுடுகிற தம்பிக்கு இதில் நட்டமில்லை, சும்மா சொன்னேன்.

என் முடிவு இதுதான். பாடி, பூட்டு, கட்டை மூன்றும் ஒழுங்காக இருக்கிற ரைஃபிளுக்குத் தடி பேரல் அழகு சேர்க்கும். மூன்றில் ஒன்று ஆடுகிற ரைஃபிளுக்கு அது பாரம். ஒரு கிலோ கூடுதல் இரும்பு அந்தத் தேய்ந்த டிராஸின் மேல்தான் போய் உட்காரும்.

கூடலூர்_தேயிலை

அண்ணாச்சி, உங்கள் ஊரிலிருந்து இன்னும் தெற்கே புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் திருவிதாங்கூர்த் தளபதி டி லனாய் பீரங்கி வார்த்த உலைக்களம் இருந்ததே, நீங்கள் அங்கே பிறந்திருக்க வேண்டிய ஆள். மார்த்தாண்டவர்மா உங்களை விட்டிருக்க மாட்டார்.

செங்கோட்டை_ஆர்மரர்

டி லனாய் சமாதியும் அங்கேதான் இருக்கிறது. எனக்கு அவ்வளவு தூரம் வேண்டாம் அப்பா.

வேலந்தாவளம்_வாசி

மன்னிக்கவும், ரேஞ்ச் கிடைக்கத் தாமதமாகிவிட்டது. இரண்டு தாளும் சுட்டாயிற்று.

ஆறவிட்டுச் சுட்ட தாள்: பத்தில் எட்டு, 70 மில்லிமீட்டருக்குள். இரண்டு வெளியே போனது, அதில் ஒன்று நானே ட்ரிகரை வெடுக்கென்று இழுத்தது. நிறுத்தாமல் சுட்டது: திருத்தணியார் சொன்னபடி எண் போட்டதால் தெளிவாகத் தெரிந்தது, மூன்றாவதிலிருந்து படிக்கட்டு மாதிரி மேலே வலப்பக்கம் ஏறி, எட்டாவதோடு நின்றுவிட்டது.

காகித நாடா வாயிலிருந்து வரும்போது ஒரு நாலு விரல் தூரம் தாராளமாக வந்தது. அப்புறம் இடப்பக்கம் கீழே பிடித்துக்கொண்டது, இழுத்தால் கிழிந்தது. வலப்பக்கம் தடையே இல்லை. அந்த இடத்தில் மரத்தில் பளபளவென்று ஒரு தடம் இருக்கிறது, பேரலின் கறுப்பும் அங்கே கொஞ்சம் உரசிப் போயிருக்கிறது. வாயில் விளக்கு வைத்துப் பார்த்தேன். கீழ் ஓரம் மட்டும் மழுங்கல், அண்ணாச்சி சொன்ன கயிற்றுப் பள்ளம் இதுதானா? தேர்தல் நேரத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கும்போதெல்லாம் அப்பா உட்கார்ந்து கயிறு போட்டு இழுப்பார், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி கீழ்ப்பக்கமாக.

திருத்தணி_50மீ

பார்த்தீர்களா, எட்டு குண்டு 70 மில்லிமீட்டருக்குள். சிதறலை நாங்கள் எம்.ஓ.ஏ. என்ற கோண அளவில் சொல்வோம், 100 மீட்டரில் ஒரு எம்.ஓ.ஏ. என்பது 29 மில்லிமீட்டர். ராணுவ வம்சத்துப் பழைய ரைஃபிள், கடையில் கிடைத்த தோட்டா, இதற்கு இரண்டரை எம்.ஓ.ஏ. மோசமே இல்லை. இந்தப் பேரலைத் தூக்கிப் போடவா நினைத்தீர்கள்?

செங்கோட்டை_ஆர்மரர்

பள்ளம் அதேதான். அப்பா உட்கார்ந்த நாற்காலிவரைக்கும் அந்த வாய் சொல்லிவிட்டது.

இரண்டு வேலை. ஒன்று, கட்டை. டிராஸைப் புதுப்பித்து, பாடி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உட்கார வைத்து, இடப்பக்கம் முட்டுகிற இடத்தை எடுத்துவிட வேண்டும். வரிசை முக்கியம். டிராஸைச் சரிசெய்யாமல் முட்டுகிற இடத்தை மட்டும் தேய்த்தால் பேரல் இன்னும் இடப்பக்கம் சாய்ந்து வேறு இடத்தில் முட்டும். வேலை முடிந்தபின் கட்டையின் உள்பக்கத்துக்கும் எண்ணெய் கொடுக்கச் சொல்லுங்கள். வெளியே மட்டும் பாலிஷ் போட்டு உள்ளே பச்சை மரமாக விட்டால் அடுத்த ஜூனில் மறுபடி ஊதும்.

இரண்டாவது, வாய். வாயின் உள்ளே மட்டும் கொஞ்ச ஆழத்துக்குத் துளையைப் பெரிதாக்கி, தேய்ந்த இடத்தைத் தாண்டிப் புது ஓரம் வெட்டுவது ஒரு முறை. வெளி நீளம் குறையாது. நெறியாளர் சொன்ன 6-ஆம் பிரிவுத் தலைவலி வராமல் இருக்க இதுவே தோது, ஆனாலும் கன்ஸ்மித் தன் பதிவேட்டில் எழுதட்டும், உங்களுக்கு ரசீதும் தரட்டும்.

அப்புறம், கயிற்றைத் தூக்கிப் போடுங்கள். பூச்சு உள்ள ஒற்றைக் கம்பி, பின்பக்கத்திலிருந்து, வழிகாட்டிக் குழாயோடு. அந்தக் காலத்துத் தோட்டா ஏதாவது அலமாரியில் மிச்சமிருந்து சுட்டால், அன்றைக்கே கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள். பழைய பிரைமரில் (தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்து) உப்பு மிஞ்சும், அது எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெய் போட்டுத் துடைத்தோமே, எப்படித் துரு வந்தது என்று கேட்கிறவர்கள் எல்லோரும் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

வேலந்தாவளம்_வாசி

சரி அண்ணாச்சி. கோயம்புத்தூரில் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னார்கள். செக்போஸ்ட் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். எடுத்துப் போகலாமா?

நெறியாளர்

உரிமத்தில் செல்லுபடியாகும் பகுதி என்று ஒரு இடம் இருக்கும், அதைப் படியுங்கள். கேரளம் மட்டும் என்று இருந்தால் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டுகிற நிமிடத்திலிருந்து உங்கள் கையில் இருப்பது உரிமமில்லாத துப்பாக்கி. அகில இந்தியா என்றால் எடுத்துப் போகலாம், உரிமத்தின் அசல் கூடவே இருக்கட்டும். நம் எல்லையோரத்து ஆட்களுக்கு இது அடிக்கடி மறந்துபோகும், பால் வாங்கவே அந்தப் பக்கம் போகிறோம் பாருங்கள்.

வேலந்தாவளம்_வாசி

கேரளம் மட்டும்தான். அப்படியென்றால் திருச்சூர்ப் பக்கம் லைசென்ஸ் உள்ளவர் ஒருவரை விசாரிக்கிறேன். கேஜ் இருக்கிறதா என்று முதல் கேள்வியாகக் கேட்கிறேன்.

கூடலூர்_தேயிலை

அப்போ தடி பேரல்?

வேலந்தாவளம்_வாசி

ஆசை போகவில்லை அண்ணா. இது சரியானபின் .22-இல் ஆலையிலேயே கனமான பேரலோடு வருவதை வாங்கலாம் என்று யோசனை. 2019-க்குப் பிறகு இரண்டு துப்பாக்கிதானே அனுமதி, எனக்கு இன்னும் ஒன்றுக்கு இடம் இருக்கிறது.

திருத்தணி_50மீ

வாங்குங்கள். திருவனந்தபுரம் வட்டியூர்க்காவு ரேஞ்சில் போட்டி நடக்கும்போது வந்து நாலு பேர் ரைஃபிளைப் பக்கத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். எடை கைக்கு ஒத்துவருகிறதா என்று தூக்கிப் பார்க்காமல் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தோட்டா விஷயம் தனி இழையில் பேசலாம், கூடலூரார் சண்டைக்கு வருவார்.

கூடலூர்_தேயிலை

இப்போதே வருகிறேன், இழையைத் திறங்கள்.